சாகடிக்காத சன்னம்

'ஹேலோ' விளையாடினாக்களுக்கும் அதன் நாவல்களை வாசித்தாக்களுக்கும் இந்தச் சாமானைத் தெரிந்திருக்கும். 26ஆம் நூற்றாண்டின் இராணுவம், பயிற்சிக்கென்று தனியாக ஒரு சன்னம் வைத்திருக்கிறது. உண்மையான துவக்கில் போட்டுத்தான் சுடுவார்கள். உடம்பில் பட்டால் சாயம்போலச் சிதறும், பட்ட கையோ காலோ மரத்துப்போகும், ஆள் விழுந்துவிடுவான். பிறகு எழும்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போவான். யாரும் மௌத்தாகமாட்டார்கள்.

நல்ல கற்பனைதான். எனக்கும் பிடிக்கும். அறிவியல் புனைகதையில் இப்படி ஒரு சாமான் கனகாலமாகவே இருக்கிறது. 1966இல் தொடங்கின 'ஸ்டார் ட்ரெக்'கில் வரும் ஆயுதத்தில் 'மயக்கம்' என்றொரு நிலை உண்டு. எதிரியைச் சுட்டாலும் கதாநாயகனின் கையில் இரத்தம் ஒட்டாது. அடுத்த வாரமும் அவர் அதே சிரிப்போடு வரலாம். எழுதுகிறவருக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. பொடியன்மார் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று காட்ட ஒரு சண்டை வேணும், ஆனால் கதை முடியும்வரை அவர்கள் உயிரோடும் இருக்க வேணும். அப்ப, சாகடிக்காத சன்னம் ஒன்றைச் செய்துவிட்டால் சரி.

எனக்குப் பிரச்சினை அந்த 'சரி'யில்தான். இந்தச் சன்னம் யாரைச் சாகடிக்கவில்லை என்பதை மட்டும்தான் கதை சொல்லுது. சுடுகிறவனுக்கு என்ன செய்கிறது என்பதை அநேகமாகச் சொல்வதில்லை.

எரிக் நைலண்ட் 2001இல் எழுதிய 'த ஃபோல் ஒஃப் ரீச்' நாவலில் இந்த வீரர்கள் எங்கே இருந்து வந்தார்கள் என்ற கதை இருக்கிறது. 6 வயதுப் பிள்ளைகள் 75 பேரை அரசாங்கமே கடத்திக்கொண்டு போகிறது. வீட்டில் அவர்களுக்குப் பதிலாகக் குளோன்களை வைத்துவிடுகிறது; அந்தக் குளோன்கள் கொஞ்சக் காலத்தில் நோய்வந்து செத்துவிடும். உம்மா வாப்பா தங்கட பிள்ளைதான் போய்விட்டது என்று அழுது அடக்குவார்கள். ஆறு வயதுப் பிள்ளையைக் களவெடுத்தது கொடுமை என்று அந்த நாவலுக்குள்ளேயே சிலருக்கு விளங்குது. ஆனால் கேமுக்குள் வரும்போது பச்சைக் கவசம் போட்ட மாஸ்டர் சீஃப் மட்டும்தான் மிச்சம். அந்த 75 வீடுகளும் எங்கேயோ போய்விடும்.

இதே விஷயத்தை நேர்மையாகக் கையாண்ட ஒரு கதை இருக்கிறதென்றால் அது ஓர்சன் ஸ்கொட் கார்டின் 'எண்டர்ஸ் கேம்'. 1985இல் வந்த நாவல், 2013இல் படமாகவும் வந்தது. படத்தைப் பார்த்தாக்கள் புத்தகத்தையும் வாசியுங்க; படத்தில் பிள்ளைகளின் வயதைக் கூட்டிவிட்டார்கள். நாவலில் எண்டருக்கும் ஆறு வயதுதான். (கதையின் முடிவை இங்கே சொல்லப்போகிறேன். 40 வருசம் பழைய புத்தகம், என்னைக் குறைசொல்லாதீங்க.)

விண்வெளியில் ஒரு பள்ளிக்கூடம். அதில் எடையில்லாமல் மிதக்கிற ஒரு பெரிய அறை. பிள்ளைகள் இரண்டு படையாகப் பிரிந்து ஒளித் துவக்கால் சுடுகிறார்கள். ஒளி எங்கே படுகிறதோ, உடுப்பு அந்த இடத்தில் இறுகிவிடும். காலில் பட்டால் காலை அசைக்க ஏலாது. நெஞ்சில் பட்டால் முழு உடம்பும் கட்டையாகி, ஆட்டம் முடியும்வரை மிதந்துகொண்டிருக்க வேண்டியதுதான். நோவு பெரிதாக இல்லை, காயமில்லை. இதைவிடப் பாதுகாப்பான சன்னத்தைக் கற்பனை பண்ணவே ஏலாது.

ஆனால் அந்த நாவலில் இரண்டு பிள்ளைகள் மௌத்தாகிறார்கள். ஒருவன் எண்டர் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக முந்தியே, பூமியில். மற்றவன் அங்கேயே, குளிக்கிற இடத்தில். இரண்டு பேரும் துவக்கால் சாகவில்லை, எண்டரின் வெறுங்கையாலும் காலாலும் செத்தார்கள். எண்டருக்கு அது தெரியாது. பெரியாக்கள் மறைத்துவிட்டார்கள். தெரிந்தால் பிள்ளை தயங்கத் தொடங்குவான், தயங்குகிற தளபதி அவர்களுக்கு வேண்டாம்.

கடைசியில், பரீட்சை என்று சொல்லி ஒரு திரைக்கு முன்னால் அவனை உட்கார வைக்கிறார்கள். கப்பல்களை நகர்த்துகிறான். இந்தப் பயிற்சியே வேண்டாம் என்ற வெறுப்பில், விதிகளை உடைத்தாலாவது என்னைத் துரத்திவிடுவார்கள் என்று நினைத்து எதிரியின் முழுக் கிரகத்தையும் அழிக்கிறான். பின்னால் நின்ற பெரியாக்கள் அழுகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள். அப்பதான் சொல்கிறார்கள், அது விளையாட்டில்லை என்று. கப்பல்கள் உண்மை, அதற்குள் இருந்த மனிசரும் உண்மை, அந்தக் கிரகமும் உண்மை.

கார்டின் மற்ற எழுத்துகள் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு, அது இன்னொரு நாளைக்கு. இந்த நாவலில் அவர் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார்: பயிற்சிச் சன்னத்தின் வேலை படுகிறவனைக் காப்பாற்றுவது மட்டுமில்லை, சுடுகிறவனின் தயக்கத்தை எடுத்துவிடுவதும்தான்.

இது புனைகதைக்காரரின் மிகைப்படுத்தல் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க இராணுவம் வட்டம் போட்ட குறிபலகைகளைக் குறைத்துவிட்டு, மனித உருவத்தில் திடீரென்று எழும்புகிற இலக்குகளுக்கு மாறினது. வட்டத்தைச் சுடப் பழகினவன் ஆளைக் கண்டதும் ஒரு கணம் நின்றுவிடக்கூடும். ஆள் மாதிரியே ஒன்றை நூறு தரம் சுட்டவனுக்குக் கை தானாகப் போகும். 1980களில் லேசர் வந்தது. துவக்கின் முனையில் ஒரு பெட்டி, உடம்பில் உணர்கருவிகள், பட்டால் பீப் என்று கத்தும். பிறகு சாயம் நிரப்பின பயிற்சித் தோட்டாக்கள். சிமுனிஷன் என்ற கனேடியப் பெயர் இதில் பிரபலம். அது கொஞ்சம் நோகவும் செய்யும். நோக வேணும் என்றே செய்தது, நோகாவிட்டால் ஆள் மறைப்புக்குப் பின்னால் ஒளியப் பழகமாட்டான்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்க. கதைகளில் ஒரே துவக்குத்தான், சன்னம் மட்டும் மாறும். நிஜத்தில் அப்படி விடமாட்டார்கள். சாயத் தோட்டா போடுகிற துவக்கின் உள்பாகத்தையே மாற்றுவார்கள், உண்மைச் சன்னத்தைப் போட்டாலும் வெடிக்காத மாதிரி. வெளியில் நீல நிறம் இருக்கும், கண்டதும் விளங்குவதற்கு. பயிற்சிக்கு உள்ளே போக முந்தி ஆளையும் பையையும் தடவிப் பார்ப்பார்கள். முகமூடி இல்லாமல் ஒருத்தரும் உள்ளே போக ஏலாது. இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் யாரையும் நம்புவதில்லை, தங்களையும் நம்புவதில்லை.

ஏன் நம்புவதில்லை என்பதற்கு சினிமாவே சாட்சி. 1993இல் 'த க்ரோ' படப்பிடிப்பில் புரூஸ் லீயின் மகன் பிரண்டன் லீ செத்தது வெற்றுத் தோட்டாவால். முந்திய காட்சிக்குப் போட்ட போலிச் சன்னத்தின் முனை குழாயில் சிக்கியிருந்தது, அடுத்து வெடித்த வெற்றுத் தோட்டா அதை வெளியே தள்ளிவிட்டது. 2021 ஒக்டோபரில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில், ஆபத்தில்லை என்று சொல்லிக் கொடுத்த துவக்கில் உண்மைச் சன்னம் இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் மௌத்தானார். இரண்டு இடத்திலும் எல்லாரும் சும்மா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

'சும்மா' என்ற சொல்லோடு எங்கட ஊருக்கு வருவோம்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்தக் கரையில் எந்த ஊரை எடுத்தாலும் பெருநாளைக்கு ஒரு காட்சி உண்டு. தொழுகை முடியும், பெருநாள் காசு கைக்கு வரும், பொடியன்மார் நேரே கடைக்கு ஓடுவார்கள். முந்தி பொட்டுவெடி போடுகிற தகரத் துவக்கு. சத்தம்தான் வரும், சன்னம் வராது. இப்ப சின்ன பிளாஸ்டிக் உருண்டை அடிக்கிற துவக்கு. பிஸ்டலும் இருக்கு, பப்ஜியிலும் ஃப்ரீ ஃபயரிலும் வாற பெரிய துவக்கின் அச்சும் இருக்கு. பின்னேரம் கடற்கரைக்குப் போனால் எட்டு வயது, பத்து வயதுப் படைகள் இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

"சும்மா விளையாட்டுத் துவக்குத்தானே, என்னத்துக்கு இப்ப சத்தம் போடுறீங்க?"

இந்த உருண்டையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேணும். இது பிறந்தது ஜப்பானில், 1970களில். அங்கே ஆக்கள் துவக்கு வைத்திருக்கச் சட்டம் விடாது, ஆசை மட்டும் விடவில்லை. அதனால் காற்றால் 6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் உருண்டையைத் தள்ளுகிற மாதிரித் துவக்குகள் செய்தார்கள். ஏயார்சொஃப்ட் என்ற விளையாட்டு அப்படித்தான் உலகமெல்லாம் போனது. ஆனால் ஜப்பானியர்கள் 2006இல் சட்டம் போட்டு அதன் வேகத்துக்கு ஒரு எல்லையும் வைத்தார்கள், கிட்டத்தட்ட 1 ஜூல். 0.2 கிராம் எடையுள்ள உருண்டை ஒன்று செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்தில் போனால் வருகிற சக்தி அது. உலகத்தில் எந்த ஏயார்சொஃப்ட் மைதானத்துக்குப் போனாலும் முதல் விதி ஒன்றுதான்: கண்ணாடியைக் கழற்றினால் வெளியே போ.

எங்கட கடைத்தெருவுக்குத் துவக்கு வந்தது, உருண்டையும் பக்கற் பக்கற்றாக வந்தது. கண்ணாடி வரவில்லை. விதியும் வரவில்லை. பெட்டியில் என்ன வேகம் என்று எழுதியிருக்காது; எழுதியிருந்தாலும் வாங்குகிற பிள்ளைக்கோ விற்கிறவருக்கோ அது கணக்கில்லை.

தோலில் பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். கண்ணில் பட்டால் கதை வேறு. கறுவிழிக்குப் பின்னால் தண்ணி நிரம்பின ஒரு சின்ன அறை இருக்கிறது, அதற்குள் இரத்தம் கசியும். கண்ணின் அமுக்கம் கூடலாம். வில்லை இடம்பெயரலாம், வெள்ளை படரலாம். விழித்திரை கழன்றுவிடலாம். இதில் மோசமானது என்னவென்றால், அன்றைக்கு ஒன்றுமில்லாத மாதிரி இருந்த கண்ணுக்குப் பல வருசம் கழித்தும் அமுக்க நோய் வரக்கூடும். பிள்ளை உம்மாவுக்குப் பயந்து, "தூசு விழுந்திச்சி" என்று சொல்லிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிவான். கசக்கவே கூடாது, கண்ணை அமுக்காமல் மூடிவிட்டு நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேணும். இதை வாசிக்கிற காக்காமார், ராத்தாமார் யாராவது இருந்தால் இந்த ஒரு வரியையாவது வீட்டில் சொல்லிவையுங்க.

ஆனால் என் கவலை கண்ணோடு நிற்கவில்லை.

எங்கட மூத்தம்மாமார் காலத்தில் இந்தக் கரையில் துவக்கென்றால் விளையாட்டில்லை. 1990ஐப் பற்றிப் பேசத் தொடங்கினால் இன்றைக்கும் குரல் இறங்கிவிடும். காத்தான்குடிப் பள்ளியில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்ட அந்த ஓகஸ்ட் மாதம் இந்தக் கரை முழுக்க ஒரு ஊராகிவிட்டது. பக்கத்துத் தமிழ் ஊர்களுக்கும் அதே வருசத்தில் தங்கட கணக்கு உண்டு, வீரமுனையில் கேட்டால் சொல்வார்கள். இயக்கங்களில் சேர்ந்த பொடியன்மார் மரத் துவக்கோடுதான் பயிற்சியைத் தொடங்கினார்கள் என்பதை இரண்டு பக்கத்திலும் பெரியாக்கள் சொல்லக் கேட்டிருப்பீங்க. மரத்தில் செதுக்கின துவக்கு. அதைவிடப் பாதுகாப்பான ஆயுதம் உலகத்தில் உண்டா? சன்னமே இல்லை. ஆனால் அதைத் தோளில் வைத்து ஓடின பிள்ளைகளில் எத்தனையோ பேர் வீட்டுக்குத் திரும்பவில்லை.

2009க்குப் பிறகு பிறந்த பொடியனுக்குச் சூட்டுச் சத்தம் போனுக்குள் இருந்துதான் வருகிறது. ஒரு இரவைத் தவிர. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் பாதுகாப்புப் படை சுற்றிவளைத்தது. சூட்டுச் சத்தமும் குண்டுச் சத்தமும் அந்த இரவில் இருந்தன. 15 பேர் செத்ததாகவும் அதில் 6 பேர் சிறுவர்கள் என்றும் பொலிஸ் அறிவித்தது. தற்கொலைக் குண்டை வெடிக்க வைத்தவர்கள் அந்தப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வெடிக்க வைத்தார்கள். அந்த வருசம் நோன்புப் பெருநாள் ஜூன் தொடக்கத்தில் வந்தது. அந்தப் பிள்ளைகளின் வயதுப் பொடியன்மார் அந்தப் பெருநாளுக்கும், அதற்குப் பிறகு வந்த எல்லாப் பெருநாளுக்கும் இதே கடற்கரையில்தான் விளையாடினார்கள். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று அவர்களோடு யாராவது உட்கார்ந்து பேசினார்களா?

இனி வழமையான பதில் வரும். "அப்ப கேமையும் நிப்பாட்டு, படத்தையும் நிப்பாட்டு, எல்லாம் ஹறாம் எண்டு சொல்லு." நான் அதைச் சொல்லவில்லை. கேம் விளையாடினால் கொலைகாரனாவான் என்று நிரூபித்தவர் ஒருவரும் இல்லை, அந்தப் பேச்சை எடுப்பவர்கள் அநேகமாகக் கேமையே பார்க்காதவர்கள். தடை போட்டால் பொடியன் அடுத்த வீட்டு வைஃபையில் விளையாடுவான். நான் கேட்பது அதைவிடக் கஷ்டமானது. விளையாடிவிட்டு அதைப்பற்றிப் பேசுவோம். பட்டவன் எழும்பி வருகிறான் என்றால், அந்தக் கதை எதை மறைக்கிறது என்று கேட்போம். 'எண்டர்ஸ் கேம்' மாதிரி ஒரு புத்தகத்தைப் பள்ளிக்கூட வாசிகசாலையில் வைத்து, ஓ.எல். படிக்கிற பிள்ளைகளோடு ஒரு பின்னேரம் பேசினால், பத்து பயானில் கிடைக்காத ஒன்று கிடைக்கும் என்று நினைக்கிறேன். மௌலவிமார் கோவிக்க வேண்டாம்.

இந்தக் கேள்வி பிள்ளைகளோடு முடியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கு. சாகடிக்காத சன்னம் என்ற பேச்சை அரசாங்கங்களும் பேசுகின்றன. பிரித்தானியர் ஹொங்கொங்கில் கூட்டத்தைக் கலைக்கத் தேக்கங்கட்டையைக் குண்டாக்கிச் சுட்டார்கள். அதுதான் 1970இல் வட அயர்லாந்துக்குப் போகும்போது றப்பர் குண்டானது, பிறகு பிளாஸ்டிக் குண்டானது. நிலத்தில் பட்டுத் தெறித்துக் காலில் அடிக்க வேணும் என்பது விதி. அந்த விதியை மீறி நேரே ஆளைப் பார்த்துச் சுட்டார்கள். 17 பேர் செத்தார்கள், அதில் பிள்ளைகளும் உண்டு. சாகடிக்காது என்ற பெயர் சுடுகிறவனின் கையை லேசாக்கிவிடுகிறது. உண்மைச் சன்னம் என்றால் ஒருதரம் யோசிப்பான். இது 'சும்மா'தானே.

எங்கட நாட்டில் அந்தப் பெயரைக்கூடத் தேடவில்லை. 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி வெலிவேரியவில் நல்ல தண்ணி கேட்டு வீதிக்கு வந்தவர்கள் மேல் இராணுவம் சுட்டதில் 3 பேர் செத்தார்கள். 2022 ஏப்ரல் 19ஆம் திகதி றம்புக்கணையில் எரிபொருள் விலைக்கு எதிராகத் தண்டவாளத்தை மறித்தவர்கள் மேல் பொலிஸ் சுட்டு ஒருவர் மௌத்தானார். அப்ப எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: ஏன் றப்பர் குண்டால் சுடவில்லை? எனக்கு அந்தக் கேள்வியே குறையாகப் பட்டது. தண்ணிக்கும் பெற்றோலுக்கும் நின்ற சனத்தை எதால் சுடுவது என்று விலை பேசுகிற இடத்துக்கு நாம் எப்ப வந்து சேர்ந்தோம்?

எழுதுகிற பழக்கம் உள்ளாக்களிடம் ஒன்று கேட்கிறேன். தமிழில் அறிவியல் புனைகதை குறைவு, கிழக்கில் இருந்து அதைவிடக் குறைவு. 2090ஆம் ஆண்டு, இதே கரையில் ஒரு பயிற்சி முகாம் என்று வைத்துக்கொள்ளுங்க. இரண்டு பெட்டி சன்னம்: நீலம் பயிற்சிக்கு, பித்தளை நிஜத்துக்கு. பெட்டிகளை அடுக்குகிறது பதினாறு வயதுப் பெட்டை ஒன்று, களஞ்சியத்தில் வேலை. அவளின் மூத்தம்மாவிடம் கேட்டறிந்த கதைகள் அவளுக்குத் தெரியும். முகாமில் எல்லாரும் நீலத்தை விளையாட்டாக எடுக்கிறார்கள், அவளுக்கு மட்டும் நீலப் பெட்டியைத் திறக்கவும் கை வரமாட்டேன் என்கிறது. அங்கே இருந்து கதையை யாராவது தொடங்குங்க. ஹேலோவில் இல்லாத ஆள் அவள்.

அதுவரைக்கும், அடுத்த பெருநாளுக்குக் கடைக்குப் போகிற காக்காமார் தம்பிக்கு உருண்டைத் துவக்கை வாங்கிக் கொடுக்காதீங்க. பட்டம் இருக்கு, பந்து இருக்கு. துவக்குத்தான் வேணும் என்று நிலத்தில் உருண்டு அழுதால் பழைய பொட்டுவெடித் துவக்கைத் தேடிப் பாருங்க, சில கடைகளில் இன்னும் கிடைக்குது. வியாபாரிகள் சங்கத்தில் பேசக்கூடியவர்கள் நோன்பு பிடிக்க முந்தியே பேசுங்க. 27ஆம் கிழமைக்குப் பிறகு போய்ப் பேசினால் சரக்கெல்லாம் கொழும்பில் இருந்து வந்து இறங்கியிருக்கும், யாரும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள்.